சும்மா நிக்க இன்னொரு ஆள்

எங்க வீட்டுக்காரரு பேரு நெமேசியோ. பராகுவேயில எங்க பிலார் ஊர்ல யாரக் கேட்டாலும் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவருன்னு சொல்லுவாங்க. நல்ல கைராசி. இனிமே தேறாதுன்னு வீட்டுக்காரங்களே கைவிட்ட பெட்டிகூட இவரு ரெண்டு தட்டு தட்டினா உறும ஆரம்பிச்சிடும். எங்க ஊரு வெயிலுக்கு ஃப்ரிட்ஜ் இல்லாம ஒரு நாள் தள்ள முடியாது, அதனால இவரத் தேடி வராத ஆளில்ல. ஆனா சனிக்கிழமை மத்தியானம் வந்துட்டா, ஊர்ல இருக்கிற ஐஸ் பூரா உருகி ஆத்துல போய்க் கலந்தாலும் இவரு கடையில இருக்கமாட்டாரு. நீலமும் மஞ்சளுமா ஒரு துணியக் கழுத்துல கட்டிக்கிட்டு சர்ச்சுக்குப் பின்னாடி இருக்கிற மைதானத்துக்குக் கெளம்பிடுவாரு. எங்க பேட்டைச் சாரணர் குழுவுக்கு அவருதான் தலைவரு.

சம்பளமா? ஒரு மண்ணும் கிடையாது. பஸ் டிக்கெட்டுகூடச் சொந்தக் கைக்காசுதான்.

நான் லிப்ராதா. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கேன். லாரிக்காரங்க வந்து உக்காந்தா, தொப்பியக் கழட்டி வெக்கிறதுக்குள்ள தட்டு முன்னாடி இருக்கணும். இல்லன்னா நான் லிப்ராதா இல்ல. என் கை சும்மா இருக்காது. யாராவது வெங்காயத்த மெதுவா நறுக்கினா எனக்கு ரத்தம் கொதிக்கும், கத்தியப் பிடுங்கிடுவேன். என் கடையில வேலைக்கு வந்த பொண்ணுங்க பாதிப்பேரு ஓடிப்போனது அதனாலதான்னு வீட்டுக்காரரு சொல்லுவாரு. அவரு கெடக்காரு.

அவரு சின்ன வயசுல சாரணரா இருந்தவரு இல்ல. எங்க மக நிமியாவுக்குப் பதினோரு வயசு இருக்கும்போது அவளக் கொண்டுபோய் விடப் போனாரு. அப்ப அவ வாயத் தொறந்து பேசமாட்டா, கடையில யாராவது பேரு கேட்டா என் பாவாடைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குவா. இவரு அவள விட்டுட்டு வேலியோரம் நின்னுக்கிட்டு இருந்தாரு. வேலியோரம் நின்னவர அடுத்த மாசம் உள்ள கூப்பிட்டுட்டாங்க. நிமியா வளந்து, நர்சுக்குப் படிச்சு, அசுன்சியோன் ஆஸ்பத்திரியில வேலையும் வாங்கிட்டா. அங்க டாக்டருங்களையே அதட்டுறாளாம். அவ போயாச்சு, இவரு மட்டும் அங்கயே நின்னுட்டாரு.

நின்னுட்டாருன்னு சும்மா சொல்லல. அவரு அங்க செய்யிற வேலையே நிக்கிறதுதான். ஒருதடவை என்னதான் கிழிக்கிறாருன்னு பாக்கப் போனேன். பிள்ளைங்க ஒரு கூடாரத்தத் தூக்கி நிறுத்துறாங்க, அது சரிஞ்சு விழுது. மறுபடி நிறுத்துறாங்க, மறுபடி விழுது. முளைக்குச்சிய எல்லாம் மணல்ல அடிச்சிருக்காங்க, நிக்குமா அது? எனக்கே தெரியுது. இந்த மனுஷன் மரத்தடியில கையப் பின்னாடி கட்டிக்கிட்டு, மாடு மேயறதப் பாக்கிற மாதிரி பாத்துக்கிட்டு நிக்கிறாரு. "யோவ், போய்ச் சொல்லித் தொலையேன்"னேன். "அவங்களே கண்டுபிடிப்பாங்க"ன்னுட்டு தெரெரேய, அதான் எங்க ஊரு ஜில்லு மூலிகைத் தண்ணிய, உறிஞ்சினாரு. அன்னிலருந்து எங்கிட்ட யாரு கேட்டாலும், எங்க வீட்டுக்காரரு சனிக்கிழமையானா சும்மா நிக்கப் போறாருன்னுதான் சொல்லுவேன். கடையில அது ஒரு தீராத சிரிப்பு.

ஆனா ஒன்னு சொல்லணும். அந்த வருஷம் ஆறு ஏறி வந்துச்சே, கீழத்தெரு பூரா தண்ணிக்குள்ள போயி ஜனங்க பள்ளிக்கூடத்துல வந்து அடைஞ்சாங்களே, அப்ப பெரியவங்க எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக் கத்திக்கிட்டுக் கெடந்தோம். இந்தப் பிள்ளைங்கதான் வந்து கயிறு கட்டி, குடும்பம் குடும்பமா இடம் பிரிச்சு, குடிக்கிற தண்ணி ஒரு பக்கம், குளிக்கிற தண்ணி ஒரு பக்கம்னு வெச்சாங்க. வாய் பேசாத கிழவி ஒருத்திக்கு மாத்திரை வேணும்னு கண்டுபிடிச்சதும் அவங்கதான். யாரும் அவங்களுக்குச் சொல்லல. இவரு அன்னிக்கும் வாசப்படியில நின்னுக்கிட்டுதான் இருந்தாரு. ஊரே இவரு கையப் பிடிச்சுக் குலுக்குச்சு. எனக்குப் பெருமைதான், இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா மனசுக்குள்ள, நீ என்னய்யா செஞ்ச, எல்லாம் பிள்ளைங்க செஞ்சதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

விஷயத்துக்கு வர்றேன். குழுவுல இவருக்கு ஒத்தாசையா ஒஸ்வால்டோன்னு ஒரு வாத்தியாரு இருந்தாரு. போன கோடையில அவரு பொழப்பத் தேடி புவெனோஸ் அயர்ஸ் போயிட்டாரு. வளந்தவங்க ரெண்டு பேராவது இல்லாம ஒரு குழு நடக்கக்கூடாது, அது விதி. பிள்ளைங்க பாதுகாப்புக்காக வெச்ச விதி, அதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஈஸ்டருக்குள்ள இன்னொரு ஆளு கிடைக்கலன்னா குழுவ மூடணும். பக்கத்து ஊர்ல வேற குழு இருக்குதான், ஆனா நம்ம பேட்டைப் பிள்ளைங்க பஸ் ஏறி அங்க எங்க போகும்?

நெமேசியோ ஊரெல்லாம் அலைஞ்சாரு. மருந்துக்கடைக்காரரு முதுகுவலின்னாரு. பேங்க்ல இருக்கிறவரு சனிக்கிழமை பந்து விளையாட்டுன்னாரு. தன் மூணு பிள்ளைங்களையும் இவரு கையில விட்டு வளத்த ஒருத்தன், "அந்தப் பொறுமை எனக்கு இல்லப்பா"ன்னு சிரிச்சுக்கிட்டே கதவச் சாத்தினான். அவன் சிரிச்ச பல்லத் தட்டிக் கையில குடுத்திருப்பேன், கூடப் போயிருந்த என்ன இவரு இழுத்துக்கிட்டு வந்துட்டாரு. வேலை செய்யும்போது எப்பவும் சீட்டியடிக்கிற மனுஷன், சீட்டியடிக்கிறத நிறுத்திட்டாரு. என் கடைக்குப் பின்னாடிதான் அவரு பட்டறை, அங்கருந்து சத்தமே வரல. அந்த அமைதிய என்னால தாங்க முடியல.

"நான் வர்றேன்"னேன்.

அவரு என் மூஞ்சியப் பாக்கல. என் கையப் பாத்தாரு. அப்புறம், "அங்க நீ சமைக்கக்கூடாது, லிப்ரா"ன்னாரு. வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன்.

மேலிடத்துக்காரங்க குடுத்த பயிற்சிக்குப் போனேன், விசாரிச்சாங்க, எல்லாம் முடிஞ்சுது. ஆனா எங்க குழுவுல ஒரு வழக்கம் இருக்கு. புதுசா வர்ற பெரியவங்கள ஏத்துக்கிறதா வேணாமான்னு பிள்ளைங்களோட கௌரவ மன்றமும் சொல்லணும். மன்றம்னா என்னமோன்னு நெனக்காதீங்க. நாலு அணித் தலைவருங்க, மீசை முளைக்காத வயசு, மரத்தடியில வட்டமா உக்காந்து பேசுவாங்க. அவங்களாக் கூப்பிட்டாத்தான் பெரியவங்க பக்கத்துல போலாம். நாலுல ஒருத்தி மிர்னா, கொக்கு அணியோட தலைவி. அவ அம்மா எங்கிட்டதான் தெனமும் மீனு விக்க வருவா. இந்த மிர்னா முன்னாடி வகுப்புல எழுந்து படிக்கச் சொன்னா அழுவா.

முதல் முகாம் ஓடைக்கரையில. போய் எறங்கின கொஞ்ச நேரத்துலயே ஒரு பையன் வழுக்குப் பாறையில காலு தவறித் தண்ணிக்குள்ள போயிட்டான். நான் வாயத் தொறந்து கத்துறதுக்குள்ள நெமேசியோ தண்ணிக்குள்ள இருந்தாரு. பையன் சட்டையப் பிடிச்சுக் கரையில தூக்கிப் போட்டுட்டு, மறுபடியும் அதே மரத்தடிக்குப் போய்க் கையக் கட்டிக்கிட்டாரு. சொட்டச் சொட்ட நின்னாரு. அட, இந்த மனுஷன் இவ்வளவு நேரமும் ஒவ்வொரு பிள்ளையையும் பாத்துக்கிட்டுதான் நின்னிருக்காருன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

உறைச்சு என்ன பண்ண? மத்தியானம் சமையல் ஆரம்பிச்சுது. ஒரு பொண்ணு மரவள்ளிக் கிழங்கத் தோல் சீவுறா. சீவுறாளா, செதுக்குறாளா? பாதிக் கிழங்கு தோலோட போகுது. நான் பொறுத்தேன், சத்தியமாப் பொறுத்தேன். அப்புறம் கை தானாப் போச்சு. கத்திய வாங்கினேன். கிழங்கு முடிஞ்சுது. அடுப்பு புகைஞ்சுது, அதையும் சரி பண்ணினேன். உப்பு பாத்தேன், குழம்பு தாளிச்சேன். நாலு அணிக்கும் சேத்து ஒரே பானையில நானே ஆக்கி எறக்கினேன். பிள்ளைங்க வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டாங்க. சாயங்காலம் மன்றம் கூடினப்போ, எனக்கு மாலை போட்டுக் கூப்பிடுவாங்கன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

மிர்னா வந்தா. கை ரெண்டையும் பிசைஞ்சுக்கிட்டு நின்னா. "அத்தை, சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு. ஆனா அது எங்க சாப்பாடு இல்ல. மன்றம் இப்ப உங்கள ஏத்துக்கல"ன்னா.

 நான் திரும்பி நெமேசியோவப் பாத்தேன். ஒரு வார்த்தை சொல்லுவாரு, சின்னப் பிள்ளைங்க, ஏதோ பேசுதுங்கன்னு சமாளிப்பாருன்னு பாத்தேன். அவரு மிர்னாகிட்ட, "யோசிச்சுத்தான் முடிவு பண்ணீங்களா?"ன்னு மட்டும் கேட்டாரு. அவ ஆமான்னா. "சரி"ன்னுட்டாரு. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு நாய் கட்டில் அடியில போயிருக்கும். உன் குழு சாகப்போகுது, ஒரு மீன்காரி மக அதுக்குக் குழி வெட்டுறா, நீ மண்வெட்டி எடுத்துக் குடுக்கிறியான்னு கேட்டேன். அவரு தொட்டித் தண்ணியில மூஞ்சியக் கழுவினாரு. ரொம்ப நேரம் கழுவினாரு.

"மூடினா மூடட்டும் லிப்ரா. நான் ஒரு வார்த்தை சொன்னா அது என் குழுவா ஆயிடும். அப்புறம் அதக் காப்பாத்தி என்ன பண்றது?"

அவரு கண்ணு செவந்திருந்துச்சு. கழுவினதால இல்ல. அன்னிக்கு நான் வாய மூடிக்கிட்டேன். எனக்கு அது லேசான காரியம் இல்ல.

கொஞ்ச நாள் கழிச்சு மிர்னா அம்மாவோட மீன்கூடையத் தூக்கிக்கிட்டுக் கடைக்கு வந்தா. மன்றம் மறுபடி கூடிச்சாம். குருத்தோலை ஞாயித்துக்கு முந்தின நாள் இன்னொரு முகாம் இருக்கு, விருப்பம்னா இன்னொருதடவை வரலாம்னு சொல்லச் சொன்னாங்களாம். ஒரே நிபந்தனைதான், அத்தை எதையும் தொடக்கூடாது. "ஆபத்து வந்தாத் தொடலாம். பசி வந்தாத் தொடக்கூடாது"ன்னு ஒப்பிச்சா. எனக்குக் கோவமும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு. வகுப்புல அழுத பொண்ணு, அவ அம்மாகிட்ட மீனு வாங்குறவகிட்டயே வந்து நிபந்தனை போடுறா. வர்றேன்னேன். ஈஸ்டருக்கு முந்தி அதுதான் கடைசி முகாம்.

தொடமாட்டேன்னு சொன்னது சத்தியம். ஆனா பிள்ளைங்க பட்டினி கெடந்தா? என்னால அத நெனச்சுக்கூடப் பாக்க முடியல. ஈஸ்டர் நெருங்கிட்டா ஊர்ல எல்லா வீட்லயும் சிப்பா ரொட்டி சுடுவாங்க. நானும் விடியக்காலையில எழுந்து, மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் சோம்பும் போட்டுப் பிசைஞ்சு, வளையம் வளையமா ஒரு அடுப்பு நெறையச் சுட்டேன். ரெண்டு துணியில சுத்தி, அதுக்கு மேல போர்வையச் சுத்தி, பையோட அடியில வெச்சேன். நெமேசியோ பாக்கல. பாத்திருந்தா வாங்கி வெளிய வெச்சிருப்பாருன்னு நெனச்சேன்.

அன்னிக்குப் பகல் எனக்கு எப்படிப் போச்சுன்னு நான்தான் சொல்லணும். ஈர விறகுல அடுப்பு மூட்டினாங்க, புகை கண்ணக் கரிச்சுது. அரிசியக் கழுவாமப் போட்டாங்க. கறிய அவ்வளவு பெரிய துண்டா வெட்டினாங்க, பல்லு இருந்தாலும் பத்தாது. நான் மரத்தடியில நெமேசியோ பக்கத்துல உக்காந்து, ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சு அதும்மேலயே உக்காந்துக்கிட்டேன். அவரு சும்மா தெரெரேய நீட்டினாரு. குடிக்கணும்னா கையை எடுக்கணும், வேணாம்னு தலைய ஆட்டினேன்.

ஒருவழியா கொக்கு அணியோட கறிச்சோறு வெந்துச்சு. பானைய எறக்கி மேசைக்குத் தூக்கிட்டுப் போற பொறுப்பு டெர்லிஸுக்கு. அணியில அவன்தான் கடைசிப் பொடியன், தூக்குறேன்னு அவனாக் கேட்டு வாங்கினான். நாலு அடி வெச்சான். வேர் தடுக்கிச்சு. பானை கவுந்துடுச்சு. சோறு பூரா மணல்ல.

 நல்லவேளை அவன்மேல படல, நான் மொதல்ல அதத்தான் பாத்தேன். டெர்லிஸ் உதடு துடிக்குது. எல்லாப் பிள்ளைங்களும் திரும்பி எங்களப் பாக்குறாங்க. காலையிலருந்து கூடாரம் போட்டு, விறகு சுமந்து, பசிச்ச மூஞ்சிங்க. என் முதுகுக்குப் பின்னாடி பையில இருக்கு, இன்னும் சூடு ஆறாம இருக்கு. ஒரு நிமிஷ வேலை. தொறந்தா எல்லாருக்கும் வயிறு நெறையும், அந்தப் பொடியன் மூஞ்சியும் தெளியும். குழு மட்டும் போயிடும். கடவுளே, அதுகூட எனக்குப் பெருசாத் தெரியல அப்ப. அவன் உதடுதான் தெரிஞ்சுது. என் பக்கத்துல நெமேசியோ மூச்சு விடுறது எனக்குக் கேட்டுச்சு. அவரு விரல் முட்டி வெளுத்திருந்துச்சு, ஒரு கைய இன்னொரு கையால அவ்வளவு இறுக்கமாப் பிடிச்சிருந்தாரு. அப்ப எனக்குப் புரிஞ்சுது. இந்த மனுஷனுக்கும் கை துடிக்குது. இத்தனை வருஷமும் துடிச்சிருக்கு.

நான் எழுந்திருக்கல.

மிர்னாதான் அசைஞ்சா. டெர்லிஸ் தோள்ல கை வெச்சு, "எனக்கும் போன வருஷம் இப்படித்தான் ஆச்சு, அது இத விடப் பெரிய பானை"ன்னா. அணியக் கூப்பிட்டு, பெட்டியில என்ன மிச்சம்னு பாக்கச் சொன்னா. மரவள்ளி மாவு இருந்துச்சு, கொஞ்சம் பாலாடைக்கட்டி, ஒரு முட்டை. சிறுத்தை அணிப் பசங்க கேக்காமலே அவங்க சோத்துல பாதிய அள்ளிக் கொண்டாந்து வெச்சாங்க. அடை சுடலாம்னு முடிவாச்சு. சுடுறது யாருன்னு பேச்சு வந்தப்போ மிர்னா கரண்டிய டெர்லிஸ் கையில குடுத்தா. "நீதான்"ன்னா. அவன் மொதல்ல வேணாம்னான், அப்புறம் வாங்கிக்கிட்டான். மொத அடை கிழிஞ்சுது, ரெண்டாவது கருகிச்சு. மூணாவது ஒழுங்கா வந்துச்சு. அதத் தூக்கிக்கிட்டு ஓடி வந்து எங்கிட்ட நீட்டினான். ஒரு பக்கம் கல்லு, ஒரு பக்கம் பச்சை மாவு, உப்பு தூக்கலா இருந்துச்சு. என் கடையில இப்படி யாராவது போட்டா வாசல்ல விட்டெறிஞ்சிருப்பேன். நான் பூராத்தையும் தின்னேன்.  இப்படிப் பிள்ளைங்க எங்க பேட்டையில இருக்குதுங்கன்னு அன்னிக்கு எனக்கு வந்த பெருமை, என் சொந்த மக நர்ஸ் உடுப்புல நின்னப்போகூட வரல.

சாயங்காலம் வெயில் தாழ மன்றம் கூடுச்சு. ரொம்ப நேரம் பேசினாங்க. நான் குத்தவாளி மாதிரி உக்காந்திருந்தேன். நெமேசியோ தரையப் பாத்துக்கிட்டு இருந்தாரு. மிர்னா வந்தா, மத்த மூணு பேரும் பின்னாடி, அவங்களுக்குப் பின்னாடி மிச்ச எல்லாப் பிள்ளைங்களும்.

"அத்தை, உங்க பையில சிப்பா இருக்குல்ல?"

 போச்சு, எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். இருக்குன்னேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகுது?

"பஸ்ஸ விட்டு எறங்கும்போதே சோம்பு வாசனை வந்துச்சு. பானை கவுந்தப்போ நாங்க எல்லாரும் அந்தப் பையத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம். நீங்க தொறக்கல."

போர்வை சுத்தி ஒளிச்சேனாம், நல்லா ஒளிச்சேன். பராகுவேயில பொறந்த பிள்ளைங்ககிட்ட சிப்பா வாசனைய மறைக்கப் பாத்திருக்கேன், என்னப் போல ஒரு முட்டாள் உண்டா? டெர்லிஸ் முன்னாடி வந்து, தொறக்கணும்னு தோணலியா அத்தைன்னு கேட்டான். "தோணலியாவா? என் கை ரெண்டும் மரத்துப்போச்சுடா, அதும்மேலயே உக்காந்திருந்தேன்"னேன். எல்லாம் சிரிச்சுதுங்க. மன்றம் என்ன ஏத்துக்கிச்சு. குழு மூடலன்னு மிர்னா சொன்னப்போ நெமேசியோ எழுந்து அந்தப் பக்கமாப் போயி, ஏற்கெனவே இறுகியிருந்த கூடாரக் கயித்த இழுத்துக் கட்டிக்கிட்டு இருந்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அங்கிருந்து சீட்டிச் சத்தம் கேட்டுச்சு.

அவருகிட்டப் போயி, "உனக்கும் வாசனை வந்துச்சா?"ன்னு கேட்டேன்.

"விடியக்காலையில நீ சுடும்போதே வந்துச்சு."

"அப்புறம் ஏன்யா ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ எனக்காகத்தான் தொறக்காம இருந்திருப்ப"ன்னாரு. எம்மேலயும் அதே வேலையக் காட்டியிருக்காரு, எமகாதகன்.

பையத் தொறந்து எல்லாருக்கும் சிப்பா குடுத்தோம். குடுக்கச் சொல்லி மன்றம் தீர்மானம் போட்டுச்சு, அதனால குடுத்தேன். அப்புறம் எனக்குக் கழுத்துத்துணி கட்டணும். யாரு கட்டறதுன்னு கேட்டாங்க, நான் டெர்லிஸக் காட்டினேன். குனிஞ்சு நின்னேன். நாக்கக் கடிச்சுக்கிட்டுக் கட்டினான். கோணலாப் போச்சு. ஒரு முனை நெஞ்சுல, ஒரு முனை காதுகிட்ட. என் கை தானா மேல எழும்புச்சு. நெமேசியோ எதிர்ல நின்னு என் கையப் பாத்தாரு. நான் கையக் கீழ எறக்கிட்டேன்.

இப்ப சனிக்கிழமை மத்தியானமானா என் கடையும் சாத்திடும். லாரிக்காரங்க திட்டுறாங்க, திட்டட்டும். அந்த முடிச்ச நான் இன்னும் அவுக்கல. கோணலா இருக்கிறபடியே தலை வழியா மாட்டிக்கிட்டு, சும்மா நிக்கப் போறேன்.